மல்லாட்டைக்கு (வேர்க்கடலை) "ஓரப்பயிர் விதை கிட்" வாங்கி ஒரு போகம் ஓட்டிப் பாத்தாச்சு, 5க்கு 3 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேரு போட மாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க. வரப்பு விதை, ஓரப்பயிர் விதை, பூச்சி வேலினு விதவிதமா பேரு வச்சு ஆன்லைன்ல விக்கிறாங்க இல்ல, அதுல ஒண்ணுதான். விளம்பரத்துல "பயிர்ல பல வகை செடி கலந்தா பூச்சி வராது, மருந்துச் செலவு பூஜ்யம்"னு போட்டிருந்தான். பூஜ்யம்னு பாத்ததும் கை தானா ஆர்டர் பட்டனுக்கு போயிடுச்சு, ஏன்னா அதுக்கு முந்தின மார்கழிப்பட்டத்துல நாலு தடவ மருந்து அடிச்சு, அப்பவும் இலைய எல்லாம் சல்லடையா பாத்தவன் நான்.

நமக்கு திண்டிவனத்துக்கு பக்கம், கிணத்துத் தண்ணி பாயற கொல்லை ரெண்டு ஏக்கர். மார்கழியில மல்லாட்டை (கடலைனு சொல்றவங்க கோச்சுக்காதீங்க, எங்க பக்கம் மல்லாட்டைதான்). கிணத்தோரம் ஒரு ஏக்கர்ல கிட் போட்டேன், ரோட்டோரம் இருக்கற இன்னொரு ஏக்கர எப்பவும் போல விட்டுட்டேன். இது ஆராய்ச்சி கிடையாது, ரெண்டு பக்கமும் மண்ணு கொஞ்சம் வேற, அதனால என் கணக்க கணக்கா மட்டும் எடுத்துக்கோங்க.

விலை 780, கொரியர் 90. பெட்டிய தொறந்தா உள்ள ஆமணக்கு 100 கிராம், கம்பு கால் கிலோ, காராமணி அரை கிலோ, சூரியகாந்தி 100 கிராம், "பூ கலவை"னு ஒரு சின்ன கவர் (துலுக்க சாமந்தி, எள்ளு, கொத்தமல்லி எல்லாம் ஒண்ணா கொட்டி வச்சிருக்கான்), மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை அஞ்சு, அப்புறம் வழவழ பேப்பர்ல ஒரு நோட்டீஸு. அம்மா பெட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு "ஏன்டா, கொட்டமுத்துக்கும் காராமணிக்குமா எண்ணூறு ரூபா குடுத்த, பெரியம்மா வூட்டு பானையில கேட்டா அள்ளிக் குடுக்கும்"னு சொல்லிச்சு. அந்த வாய்க்கு பதில் சொல்ல முடியல. உண்மையிலயே கணக்கு போட்டா இதே சாமான சந்தையில வாங்கினா, அட்டையும் சேத்து, முந்நூறு தாண்டாது. மீதி பெட்டிக்கும் நோட்டீஸுக்கும்தான்.

விதை எப்டி முளைச்சுதுனு கேட்டா, ஆமணக்கு சூப்பர், பத்துக்கு ஒம்பது வந்துச்சு. கம்பும் காராமணியும் பரவால்ல. பூ கலவை மட்டும் மோசம், துலுக்க சாமந்தி முளைச்சதே மொத்தமா ஏழு செடி. மத்த கவர்ல எல்லாம் லேபிள்ல முளைப்புத்திறன், டெஸ்ட் பண்ண தேதி, காலாவதி தேதி போட்டிருந்தான், பூ கவர்ல மட்டும் ஒரு செடி படம் தவிர ஒண்ணும் இல்ல. வாங்கறவங்க அந்த லேபிள முதல்ல பாருங்க. அந்த ஏழு செடி கதைய பின்னாடி சொல்றேன், அதுல ஒரு கூத்து இருக்கு.

இப்ப மெயின் மேட்டர், ஆமணக்கு. இந்த கிட்டுல காசு குடுத்ததுக்கு நல்லா வேலை செஞ்சது இதுதான்னு சொல்லுவேன். மல்லாட்டைக்கு புரொடீனியா புழுனு ஒண்ணு வரும் இல்ல, வெட்டுப்புழுனும் சொல்லுவாங்க, ராத்திரியில திங்கும் பகல்ல மண்ணுல வெடிப்புல போயி படுத்துக்கும், நீங்க காலைல மருந்து அடிச்சா அது மேல ஒரு சொட்டு கூட படாது. அதோட தாய் அந்துப்பூச்சிக்கு மல்லாட்டை இலைய விட ஆமணக்கு இலை ரொம்ப புடிக்கும். அகலமான இலை, அடிப்பக்கம் வழவழப்பு, முட்டை வைக்க வாகா இருக்கு. அதனால கொல்லைய சுத்தி ஒரு வரி ஆமணக்கு நட்டா பாதி பூச்சி உள்ள போகாம ஓரத்துலயே இறங்கிடும். இது கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சது இல்ல, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வருஷக்கணக்கா சொல்லிட்டு வர்றதுதான், பொறிப்பயிர்னு பேரு.

முதல் முட்டைக் குவியல பாத்தது அம்மாதான். செடி முழங்கால் உயரம் கூட வரல. இலைய திருப்பிக் காட்டுச்சு. பழைய கம்பளியில இருந்து பிச்சு ஒட்டினா மாதிரி பழுப்பு கலர்ல ஒரு திட்டு, சுண்டு விரல் நகம் அளவு. நான் ஏதோ பூஞ்சைனு நினைச்சேன். குச்சியால கிளறினா மேல இருக்கற முடி பிரிஞ்சு கீழ கடுகு மாதிரி, கடுகை விட சின்னதா, அடுக்கடுக்கா முட்டை. அந்த ஒரு திட்டுல இருநூறு முந்நூறு இருக்கும், மூணு நாலு நாள்ல பொரிஞ்சிடும். தாய்ப் பூச்சி தன் உடம்பு முடியாலயே மூடி வச்சிட்டு போவுது. அம்மா அந்த இலைய காம்போட கிள்ளி சோப்பு தண்ணி இருந்த பெயிண்ட் பக்கெட்டுல போட்டுச்சு, அவ்ளோதான், முந்நூறு புழு காலி, மருந்து இல்ல, மோட்டார் இல்ல.

ஆனா இதுலதான் நோட்டீஸு செஞ்ச துரோகம். நோட்டீஸுல "ஆமணக்கை சுற்றி நடவும், பூச்சிகள் கவரப்படும்"னு நிறுத்திட்டான். கவரப்பட்ட பூச்சிய யாரு பொறுக்கறதுனு ஒரு வரி கூட இல்ல! பொறிப்பயிர்னா எலிப்பொறி மாதிரி, எலி மாட்டினதும் தூக்கிப் போடணும், இல்லனா வீட்டுக்குள்ள எலிக்கு நாமளே சோறு வச்ச கதைதான். எங்களுக்கு அது பொங்கல்ல நடந்துச்சு. போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல், அடுத்த ரெண்டு நாளு அக்கா வூடுனு அஞ்சு நாள் கொல்லப் பக்கம் யாரும் சரியா எட்டிப் பாக்கல. ஆறாவது நாள் போனா தெக்கு வரப்புல நாலு ஆமணக்கு செடி இலை எல்லாம் கொசுவலை மாதிரி நரம்பு மட்டும் நிக்குது, ஒவ்வொரு இலையிலயும் பச்சப் புழு குட்டி குட்டியா கூட்டமா சுரண்டிட்டு இருக்கு, சிலது பெருசாகி எறங்கி மல்லாட்டைக்குள்ள பத்து பன்னெண்டு அடி வரைக்கும் போயிடுச்சு. ஆமணக்கே நடாம இருந்திருந்தா அந்த எடத்துல அவ்ளோ புழு வந்திருக்காது. அந்த மூலைக்கு மட்டும் சாயங்காலமா மருந்து அடிச்சேன், ராத்திரிக்கு தவிடும் வெல்லமும் கலந்து மருந்து போட்ட உருண்டை வச்சேன், அதுக்கப்புறம்தான் அடங்குச்சு.

அதனால வாங்கப் போறவங்களுக்கு என் ஒரே கேள்வி, உங்க வூட்டுல தினம் காலைல அரை மணி நேரம் வரப்ப சுத்தி வர ஆள் இருக்கா? இருந்தா ஆமணக்கு போடுங்க. சென்னையில வேலை, வாரத்துல ஒரு நாள்தான் ஊருனா போடவே போடாதீங்க, கெடுதல்தான்.

ஆமணக்குல இன்னும் ரெண்டு விஷயம். மாசி பொறந்ததும் அதுல காவடிப்புழு ஏறிடுச்சு, வளைஞ்சு வளைஞ்சு நடக்குமே அது. இலைய மொட்டையடிக்குது. பக்கத்து கொல்லைக்கார அண்ணன் பயந்துட்டாரு, "தம்பி, உன் ஓரத்துல இருக்கறது என் மல்லாட்டைக்கு வந்துரும், வெட்டிப் போட்டுரு"னு சொன்னாரு. வரல, அது ஆமணக்குப் பிரியன், மல்லாட்டை பக்கம் திரும்பிக்கூட பாக்கல. அதை உத்துப் பாக்கப் போனப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, சில புழு அசையாம சோம்பிக் கெடக்குது, பின்பக்க அடியில ஒரு சின்ன கூடு ஒட்டிட்டு இருக்கு. புழுவுக்குள்ள முட்டை வச்ச ஒட்டுண்ணிக் குளவியோட கூடு அது, உள்ளேர்ந்து தின்னுட்டு வெளிய வந்து கூடு கட்டியிருக்கு. அண்ணனுக்கும் காட்டினேன், செல்லுல போட்டோ எடுத்து மருந்துக் கடைக்காரர் வரைக்கும் காட்டிட்டு வந்தாரு, அதுக்கப்புறம் வெட்டச் சொல்லல. ரெண்டாவது, ஆமணக்கு விதை விஷம், வாண்டுங்க இருக்கற வூடு, ஆடு மேயற கொல்லைனா காய் முத்தறதுக்குள்ள அறுத்துடுங்க.

கம்பு. நோட்டீஸுல "வயல் முழுதும் தூவவும்"னு போட்டிருக்கு. தயவு செஞ்சு தூவாதீங்க, களை வெட்டறப்ப பொம்பளைங்க திட்டுவாங்க, எது கம்பு எது புல்லுனு தெரியாது. சிபாரிசு என்னன்னா நாலு வரி மல்லாட்டைக்கு ஒரு வரி கம்பு, சுருள் பூச்சிக்கு. இலைய மடிச்சு உள்ள உக்காந்து சுரண்டும், தூரத்துல இருந்து பாத்தா கொல்லையே தீஞ்ச மாதிரி தெரியும், அதுதான். கம்பு ஊடால இருந்தா அந்த புழுவ அழிக்கிற கோனியோசஸ்ங்கற குட்டிக் குளவி நல்லா பெருகும்ங்கறாங்க. நான் குளவிய பாக்கல, அது கொசு அளவு, என் கண்ணாடிக்கு எட்டாது. ஆனா கிணத்தோரம் சுருள் வந்தது கொஞ்சம்தான், ரோட்டோரம் அதுக்குனே ஒரு தடவ தனியா அடிக்க வேண்டியதாப் போச்சு. கம்புக்கதிர்ல வந்து உக்காந்த கரிச்சான் குருவி அங்கேர்ந்து பாஞ்சு பாஞ்சு அந்துப்பூச்சிய புடிச்சது தனி வேடிக்கை. கிளியும் வந்துச்சு, அது கதிருக்காக, அத விரட்ட தம்பி பையன் தகரம் தட்டினான், லீவு நாள்ல மட்டும்.

காராமணி பத்தி ஒரு மாதிரி கலவையான அபிப்பிராயம். காராமணியில அசுவினி (செடிச் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி) ஏறும், அதைத் தின்ன பொறிவண்டு வரும், வண்டு பெருகி பக்கத்து பயிருக்கும் பரவும், இதுதான் ஐடியா, பருத்திக்கு இதை ரொம்ப நாளா செய்றாங்க. பருத்தி அசுவினி வேற சாதி, காராமணி அசுவினி வேற சாதி, அதனால அங்க பிரச்சனை இல்ல. ஆனா மல்லாட்டையில ஏர்ற கருப்பு அசுவினியும் காராமணியில ஏர்ற கருப்பு அசுவினியும் ஒரே சாதி! அதாவது வண்டுக்கு விருந்து வைக்கறேன்னு அசுவினிக்கே நாத்தங்கால் விடறோம். என் கொல்லையில வண்டு நிறைய வந்துச்சு, முதுகுல அலைகோடு போட்ட ஆரஞ்சு வண்டு, ஒரு கொடியில மட்டும் ஒம்பது எண்ணினேன், அதோட புழு முதலை மாதிரி கருப்பா நீளமா இருக்கும், தெரியாதவங்க அதையும் பூச்சினு நசுக்கிடுவாங்க. கடைசியில வண்டு ஜெயிச்சுச்சு. ஆனா மழையில்லாம காஞ்சு போன வருஷத்துல இதே மாதிரி ஜெயிக்கும்னு நான் கையெழுத்து போட மாட்டேன். மானாவாரி மல்லாட்டையில சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு பொறியா காராமணி போடறது வேற கணக்கு, அங்க வேலை செய்யும், ஆனா அந்தப் புழு எங்க மார்கழிப்பட்டத்துக்கு வராது. நோட்டீஸுல பட்டமே பிரிக்கல, ஆடிக்கும் மார்கழிக்கும் ஒரே பாட்டு.

சரி, சூரியகாந்திக்கு வரேன். இந்த ரிவ்யூ எழுதணும்னு தோணினதே இதுக்காகத்தான்.

விதைக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க பக்கத்து வேளாண் உதவி அலுவலர் ஒருத்தர் வேற வேலையா வந்தவரு திண்ணையில இருந்த பெட்டிய பாத்துட்டு "இதுல சூரியகாந்தி எதுக்கு வச்சிருக்கான்? மல்லாட்டைக்கு பக்கத்துல இதைப் போடவே கூடாதுங்க"னு சொன்னாரு. எனக்கு நம்பிக்கை இல்ல, பூ இருந்தா தேனீ வரும், நல்ல பூச்சி வரும்னுதானே எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் அவரு சொன்ன கதை இது. 2000ஆம் வருஷம் ஆந்திராவுல அனந்தப்பூர் மாவட்டத்துல மல்லாட்டை திடீர்னு தண்டு கருகி கருகி செத்துச்சு, சுமார் 2.25 லட்சம் ஹெக்டேர், நஷ்டம் 300 கோடிக்கு மேல. முதல்ல எல்லாரும் பழைய மொட்டுக் கருகல் நோயினு நினைச்சாங்க. பாத்தா அது புகையிலை ஸ்ட்ரீக் வைரஸ். அது வர்ற வழிதான் பயங்கரம். ரோட்டோரம் கெடக்கற பார்த்தீனியக் களையில அந்த வைரஸ் சத்தமே இல்லாம உக்காந்திருக்கும், செடி பாக்க ஜோரா இருக்கும். அதோட மகரந்தத்துல வைரஸ் இருக்கும். மகரந்தம் காத்துலயும் இலைப்பேன்ங்கற பொடிப்பூச்சி உடம்புலயும் ஒட்டி வந்து மல்லாட்டை இலை மேல விழும், அப்புறம் அதே இலைப்பேன் இலைய சுரண்டறப்ப காயத்து வழியா வைரஸ் உள்ள எறங்கிடும். சூரியகாந்திக்கும் இதே வைரஸ் வரும், அதுலயும் இலைப்பேன் கொழிக்கும், அதனாலதான் சூரியகாந்தியும் துலுக்க சாமந்தியும் மல்லாட்டைக்கு பக்கத்துல வேண்டாம்னு சொல்றாங்க. அதுக்கு பதிலா சுத்தி நாலு வரி கம்போ சோளமோ அடர்த்தியா போட்டா அது சுவர் மாதிரி நின்னு இலைப்பேனையும் மகரந்தத்தையும் தடுக்கும், புல்லு சாதிக்கு அந்த வைரஸ் தொல்லை இல்ல.

இப்ப யோசிங்க. ஒரே பெட்டிக்குள்ள கம்பும் இருக்கு சூரியகாந்தியும் இருக்கு, ஒண்ணு கதவ சாத்துது, ஒண்ணு கதவ தொறந்து விடுது. பெட்டி மேல "அனைத்துப் பயிர்களுக்கும் ஏற்றது"! மக்காச்சோளத்துக்கு ஓரத்துல சூரியகாந்தி போடச் சொல்றாங்க, 2018ல படைப்புழு வந்ததுல இருந்து எள்ளு, காராமணி, சூரியகாந்தினு வரப்புல போடறது சிபாரிசுலயே இருக்கு, அங்க சரி. தக்காளிக்கு துலுக்க சாமந்தி அருமை, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 16 வரி தக்காளிக்கு ஒரு வரி சாமந்தினு கணக்கே போட்டுக் குடுத்திருக்கு, அதுலயும் நாத்து வயசு முக்கியம், 45 நாள் சாமந்தி நாத்தும் 25 நாள் தக்காளி நாத்தும் ஒண்ணா நடணும், அப்பதான் ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கும், காய்ப்புழு தாய்ப்பூச்சி சாமந்திப் பூவுக்கு போகும். இவ்ளோ நுணுக்கமான சமாச்சாரத்த ஒரு கவர்ல கொட்டி "தூவவும்"னு எழுதினா அது என்ன கிட்டு?

நான் சூரியகாந்திய எடுத்து தனியா வச்சுட்டேன். ஆனா பூ கலவைய அவரு பாக்கல, நானும் உள்ள சாமந்தி இருக்கறத மறந்து வடக்கு வரப்புல போட்டுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து ஓடினா ஏழே ஏழு செடி நிக்குது. முளைப்பு சரியில்லனு கம்பெனிக்கு போன் பண்ணி சண்டை போடலாம்னு இருந்தவன், நல்லவேளை முளைக்கலனு ஏழையும் புடுங்கிப் போட்டேன். எள்ளு கொஞ்சம் வந்துச்சு, அதுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ரோட்டோர பார்த்தீனியத்த மட்டும் பூக்கறதுக்கு முன்னாடி வேரோட புடுங்கினோம், கையில உறை போட்டுக்கிட்டு, அரிப்பு எடுக்கும்.

கம்பெனிக்கு போன் பண்ணேன், அது வேற விஷயத்துக்கு, சூரியகாந்திய பத்தி சொல்லலாம்னு. போன எடுத்த பொண்ணு ரொம்ப மரியாதையா பேசிச்சு, "சார், எங்க டெக்னிக்கல் டீம் உங்கள கூப்பிடுவாங்க"னு சொல்லிச்சு. அறுவடை முடிஞ்சு காய் உரிச்சு வித்தும் ஆச்சு, டீம் இன்னும் கூப்பிடல.

நோட்டீஸுல பெரிய எழுத்துல "பூச்சி மருந்து தேவை 70% குறையும், ஆய்வில் நிரூபணம்"னு இருக்கு. எந்த ஆய்வுனு போடல. நானே தேடிப் பாத்தேன், அந்த எண்ணு அச்சு அசலா ஒத்துப் போறது 2016ல வந்த ஒரு ஆய்வோட. தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூணு நாட்டுல நாலு வருஷம் நெல்லு வயல் வரப்புல எள்ளு மாதிரி தேன் இருக்கற பூச்செடி நட்டுப் பாத்தது, மருந்து அடிக்கறது 70% குறைஞ்சுது, மகசூல் 5% கூடுச்சு. உண்மையான, நல்ல ஆய்வு. ஆனா அது நெல்லு! நெல்லத் தாக்கற புகையான் பூச்சியோட முட்டைக்குள்ள முட்டை வைக்கற குட்டிக் குளவிக்கு தேன் கெடைச்சா கூட நாள் உயிரோட இருந்து கூட முட்டைய அழிக்கும், அதுதான் அங்க வேலை செஞ்சது. அத கொண்டாந்து மல்லாட்டை பெட்டி மேல ஒட்டறது, பக்கத்து வூட்டுப் பையன் மார்க் ஷீட்ட நம்ம பையனுக்கு காட்டற மாதிரி.

இன்னொண்ணும் படிச்சேன், இது விளம்பரத்துல எவனும் போட மாட்டான். 1991ல ஆண்டோனு ஒரு அமெரிக்க பூச்சியியல்காரரு அதுவரைக்கும் வந்த கலப்புப் பயிர் ஆய்வு எல்லாத்தையும் கூட்டிப் பாத்திருக்காரு, பயிர் திங்கற பூச்சி மொத்தம் 287 வகை. தனிப்பயிர விட கலப்புப் பயிர்ல குறைஞ்சது 52% வகை. கூடினது 15% வகை. மீதி அப்படியே இருக்கும், இல்ல இடத்துக்கு இடம் மாறும். அதாவது பாதிக்கு மேல நல்லது, ஆனா ஆறேழுல ஒண்ணு வில்லங்கம். "பல செடி கலந்தா பூச்சி வராது"னு ஒரே போடா போடறவன நம்பாதீங்க. ஒரே ஒரு பயிர திங்கற பூச்சிக்கு கலப்பு குழப்பம்தான், வாசனை மாறும், தேடி அலையணும். ஆனா புரொடீனியா மாதிரி கண்டதையும் திங்கற பூச்சிக்கு நீங்க நாலு செடி சேத்து வச்சா நாலு ஓட்டல் தொறந்த மாதிரி, எந்த ஓட்டல்ல புடிக்கப் போறோம்னு நாமதான் திட்டம் போடணும்.

மஞ்சள் அட்டை அஞ்சு ஒரு ஏக்கருக்கு சும்மா வேடிக்கை பாக்கத்தான். என்ன பூச்சி வருதுனு தெரிஞ்சுக்கலாம், புடிச்சு ஒழிக்க முடியாது. ரெண்டு அட்டை மயில் கிழிச்சிடுச்சு.

காசு கணக்கு கேப்பீங்க. கிட் போட்ட ஏக்கர்ல மருந்து ரெண்டு தடவ, அதுல ஒண்ணு பொங்கல் கூத்துக்கு அந்த மூலைக்கு மட்டும். போடாத ஏக்கர்ல நாலு தடவ. மருந்தும் ஆள் கூலியும் சேத்து ஏறக்குறைய மூவாயிரம் மிச்சம். ஆனா காய் கிட் பக்கம் 23 மூட்டை, அந்தப் பக்கம் 24 (40 கிலோ மூட்டை). கம்பு வரி எடுத்துக்கிட்ட எடமும், கிழக்கு வரப்பு ஆமணக்கு நிழல்ல ரெண்டு வரி மல்லாட்டை சோனியா போனதும்தான் அந்த ஒரு மூட்டை. மிச்சமான காசு அங்க போச்சு. கம்பு ஒண்ணரை மூட்டை வந்துச்சு, காராமணி வூட்டுக்கு வருஷத்துக்கு ஆச்சு, அதான் லாபம். அம்மா தினம் காலைல பக்கெட்ட தூக்கிட்டு நடந்ததுக்கு கூலி போட்டா எல்லாம் நட்டம்னு நான் சொன்னதுக்கு, "நான் வூட்ல உக்காந்திருந்தா மட்டும் நீ கூலி குடுப்பியா"னு கேட்டுச்சு. கணக்குப் புத்தகத்த மூடிட்டேன்.

அப்ப ஏன் 3 ஸ்டார்னா, சரக்கு பொய் இல்ல, ஆமணக்கும் கம்பும் வேலை செஞ்சுது, கொரியர் பேக்கிங் நல்லா இருந்துச்சு, ஒரு எலி ஓட்டை கூட இல்ல. ரெண்டு ஸ்டார் குறைச்சது ஒண்ணு சூரியகாந்திக்கு, ஒண்ணு அந்த நோட்டீஸுக்கு. பயிர் வாரியா தனித்தனி பெட்டி, எது எப்ப எத்தன வரி, யாரு தினம் என்ன பாக்கணும்னு ஒரு பக்கம் தமிழ்ல ஒழுங்கா எழுதிக் குடுத்தா நான் இதே விலைக்கு அஞ்சு ஸ்டார் போடுவேன், விதைக்கு இல்ல, அந்த ஒரு பக்கத்துக்கு.

அடுத்த போகத்துக்கு கிட் வாங்கல. ஆமணக்கு விதை அம்மா ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு பரண் மேல, பேரப்பசங்க கைக்கு எட்டாம வச்சிருக்கு, கம்பு பெரியம்மா வூட்டுல இருந்து வந்துரும். ஆமணக்க இந்த தடவ மல்லாட்டைக்கு ஒரு பத்து நாள் முன்னாடியே ஊனப் போறேன், கிழக்கு வரப்ப விட்டுட்டு. பிரிக்காத சூரியகாந்தி பாக்கெட் 100 கிராம் அப்படியே கெடக்கு, காலாவதி தேதிக்கு இன்னும் நாள் இருக்கு, திண்டிவனம் பக்கம் மக்காச்சோளம் போடறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சும்மாவே தரேன். மல்லாட்டைக்காரங்க கேக்காதீங்க, தர மாட்டேன்.